சீனப் புத்தாண்டுக்கு நான் அழிக்க மறந்த வரி

1

இந்த நவம்பரோடு நான் சிங்கப்பூருக்கு வந்து பத்து வருஷம். நம் பங்குக் கோவில் கிறிஸ்துமஸ் மலருக்கு 'அயல்நாட்டில் பத்தாண்டு' என்று ஏதாவது எழுதித் தரும்படி பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள். கடிதம் மூன்று வாரம் மேசையிலேயே கிடந்தது. எழுத என்ன இருக்கிறது? காலை ஏழு பத்துக்குப் புக்கிட் மேராவில் பஸ் ஏறுகிறேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு அதே நிறுத்தத்தின் எதிர்ப்புறம் இறங்குகிறேன். நடுவில் ஒரு குளிரூட்டிய அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சன்னல் இல்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஊருக்கு வந்து ஸ்வெட்டர் வாங்கின ஒரே ஆள் நான்தான் என்று ஸ்டெல்லா கேலி செய்வாள். ஸ்டெல்லா என் மனைவி. இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

போன மாதம் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. ஒரு கணினி வலையிலிருந்து இன்னொரு கணினி வலைக்குத் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதிகளுக்கு ஒரு துணைக் குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தில், யோசனை சொல்லி உதவியவர்களுக்கு நன்றி என்று ஆறு பெயர்கள். நான்காவது பெயர் என்னுடையது: ஞானப்பிரகாசம், சிங்கப்பூர்.

என் மேலதிகாரி மிஸ்டர் லிம் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டிவைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கிள்ளினாலும் நம்முடையதா என்று தெரியாமல், அப்படி இருந்தது. ஒன்றே முக்கால் வருஷமாக எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய பெயர் வேறொருவருடையது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலருக்கு ஆகாது என்றால் போட வேண்டாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் என்பேன். அப்படியா என்பீர்கள். பேச்சு மாப்பிள்ளை பார்ப்பதற்குப் போய்விடும். இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அது தெரியாவிட்டால் நான் செய்தது புரியாது.

எங்கள் அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் தபால் சார்ட்டராக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்து விழும் கடிதங்களைப் பிரித்து அந்தந்த வண்டிக்குரிய பையில் போட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் எந்தெந்த ஆபீஸைத் தாண்டுகிறதோ அந்தந்த ஆபீஸ் முத்திரை அதன் முதுகில் விழும். பை மாறி வந்துவிட்டால், 'இங்கே தவறி வந்தது' என்று அதற்கும் தனியாக ஒரு முத்திரை உண்டு. முதுகைத் திருப்பிப் பார்த்தால் கடிதம் எங்கெங்கே அலைந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வேலையும் தபால் பிரிப்பதுதான், காகிதம் மட்டும் கிடையாது. எங்கள் சோதனையில் மூன்று வலைகள் சேர்ந்திருந்தன. எங்கள் கணினி நிலையம் ஒன்று, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று, ஆய்வுக்கூடம் ஒன்று. அமெரிக்காவுக்குப் போகும் இணைப்பு ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஒவ்வோர் இடத்தின் வாசலிலும் ஒரு மெஷின். அதற்குப் பெயர் கேட்வே. இந்த கேட்வேக்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்: "இன்ன ஊருக்கு என் வழியாகப் போகலாம், இத்தனை மெஷின் தாண்டினால் போதும்." அந்த எண்ணிக்கைக்கு ஹாப் என்று பெயர். யார் குறைந்த ஹாப் சொல்கிறாரோ அவர் பக்கம் தபால் போகும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சொல்வது மெய்யா என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், நாம் நம்புகிறோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

3

அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் கேட்வேயைப் பார்த்துக்கொண்டவர் ஷாகுல் ஹமீது. என்னைவிட ஆறு வயது இளையவர். அவருடைய பாட்டனார் நாகூரிலிருந்து வந்தவர். டன்லப் ஸ்திரீட்டில் இன்றும் அவருடைய மாமாவின் துணிக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவும் மகளும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவார்கள், நான் அந்தக் கடைக்குப் போவேன். பின்பக்கம் துணிக்கட்டுகள் மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருவரும் ஹாப் கணக்குப் பேசுவோம். மாமா எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன பாஷையிலப்பா பேசுறீங்க? நானும் தமிழ்தான், ஒண்ணும் வெளங்கல" என்பார்.

நம் ஊர் வழக்கப்படி நான் "சொன்னேன்லா", "பார்த்தேன்லா" என்பேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'லா' போடுகிறார்கள். ஹமீது முதல் நாளே சிரித்தார். "அண்ணே, எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு. நீங்க ஏர்போர்ட்லேர்ந்தே லாவோட வந்திருக்கீங்களேலா!"

அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. கேட்வேக்கள் எத்தனை ஹாப் என்று மட்டும் சொன்னால் போதாது, யார் யார் வழியாக என்று முழுப் பட்டியலையும் சொல்ல வேண்டும் என்பார். அப்படிச் சொன்னால் தபால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வராது. தன் பெயரே பட்டியலில் இருந்தால், இது ஏற்கெனவே நம்மைத் தாண்டிப் போனதுதான் என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் முத்திரைக் கதையை நான் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான்ணே! லெட்டரோட முதுகு! இவ்ளோ நாளா இதை இங்கிலீஷ்ல விளக்க முடியாம திண்டாடிக்கிட்டிருக்கேன்."

இதே எண்ணம் உலகத்தில் வேறு பலருக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஹமீது எண்ணத்தோடு நிற்கவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து தன் கல்லூரி கேட்வேக்குத் தானே ஒரு புரோகிராம் எழுதினார். பழைய முறைப்படி ஹாப்பும் பார்க்கும், கூடவே பட்டியலும் சேர்த்து வைக்கும். விதிகள் எழுதும் குழுவுக்கு அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். எண்பத்தெட்டு பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது, நீங்களே வந்து விளக்குங்கள், பயண ஏற்பாடு எங்களுடையது, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வருவதை உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவர் மனைவி ஜமீலா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அன்று கடைக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் பிசாங் கோரெங் வாங்கிக் கொடுத்தாள். வாழைப்பழத்தில் போடும் பஜ்ஜிக்கு இங்கே அதுதான் பெயர், நம் ஊர்ப் பஜ்ஜி மாதிரி காரமாக இருக்காது. ஹமீது ஒன்றுகூடத் தின்னவில்லை. குளிர்கோட்டு யாரிடம் இரவல் வாங்குவது என்று அதையே பேசிக்கொண்டிருந்தார்.

4

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். இங்கே அன்று பாதி நாள்தான் வேலை. புதனும் வியாழனும் விடுமுறை. வெள்ளி சனிக்கு லீவு போட்டுச் சேர்த்துக்கொண்டால் திங்கட்கிழமைவரை ஆபீஸ் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது.

அதற்கு முந்தின இரண்டு வாரம் எங்கள் நிலையத்துக்கு ஒரு தனி வெளிநாட்டு இணைப்பைச் சோதனைக்காகக் கொடுத்திருந்தார்கள். அதற்காக எங்கள் கேட்வேயில் நான் கையால் ஒரு வரி எழுதியிருந்தேன். 'அமெரிக்காவுக்கு என் வழியாகப் போகலாம், ஒரே ஹாப்' என்பதுதான் அந்த வரியின் பொருள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை முடிந்தது. ஆட்கள் வந்து இணைப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்து நான் அந்த வரியை அழிக்க வேண்டும். பத்து விநாடி வேலை.

பையில் குடிநுழைவு அலுவலகத்தின் கடிதம் இருந்தது. நிரந்தரவாசம் கேட்டு மனுப் போட்டு பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டின் அசலையும் அன்று பன்னிரண்டரைக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடினேன்.

சன்னலில் ஒரு மலாய்ப் பெண்மணி. ஞானப்பிரகாசம் குடும்பப் பெயரா என்று கேட்டார். இல்லை, என் பெயர். அப்படியானால் குடும்பப் பெயர் எது? கிடையாது. சவரிமுத்து யார்? அப்பா. அவருடைய குடும்பப் பெயர்? அவருக்கும் கிடையாது. உங்கள் மகள் பெயருக்குப் பின்னால் ஏன் ஞானப்பிரகாசம் இருக்கிறது, அப்படியானால் அதுதானே குடும்பப் பெயர்? பத்து வருஷத்தில் இந்த உரையாடலை எத்தனை சன்னல்களில் நடத்தியிருப்பேன் என்று தெரியாது. கடைசியில் முத்திரை குத்தினார். நன்றி சொல்லிவிட்டு, நம் ஊர் வழக்கத்தை அப்படியே இங்கிலீஷில் போட்டு, போய்விட்டு வருகிறேன் என்றேன். எதற்கு வருகிறீர்கள், நாளைக்கு மூடியிருக்குமே என்றார் அந்த அம்மாள், மிகவும் அக்கறையோடு.

அங்கிருந்து நேரே சைனாடவுனுக்குப் போய் மிஸ்டர் லிம் வீட்டுக்குக் கொடுக்க ஆரஞ்சு வாங்கினேன். இரட்டைப்படையில் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டாக எண்ணி வாங்கினேன். அந்த வரி என் நினைவுக்கு வரவே இல்லை.

அதே செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஹமீது தன் சம்மதக் கடிதத்தைக் கணினி வழியே அனுப்பிவிட்டு, கல்லூரியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

5

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து திரையைப் பார்த்தேன். போக்கிடம் இல்லாமல் எங்கள் கேட்வே தூக்கிப்போட்ட தபால்களின் எண்ணிக்கை திரையின் பாதி அகலத்துக்கு நீண்டிருந்தது. எல்லாம் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வந்தவை. அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இல்லாத வழியை நாங்கள் கிட்டத்தட்ட ஆறு நாள் கூவி விற்றிருக்கிறோம், அவர்கள் நம்பி வாங்கியிருக்கிறார்கள்.

வரியை அழித்தேன். எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்கினேன். பிறகு, நடந்ததையெல்லாம் மெஷின் தானே எழுதிவைத்திருந்த பதிவுக் கோப்பையும் அழித்தேன். அதை அழிக்கும்படி யாரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது.

ஒன்பது மணிக்கு ஹமீது கூப்பிட்டார்.

"ஞானம் அண்ணே, லீவுல உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"என் லெட்டர் போகலண்ணே. மூணு நாள் முயற்சி பண்ணிட்டு, முடியலன்னு எனக்கே திரும்பி வந்திருக்கு. வெள்ளிக்கிழமையோட கெடு முடிஞ்சிடுச்சு."

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இல்லை.

"அப்ப என் புரோகிராம்தான்ணே. முந்தின சனிக்கிழமதான் புதுசா ஏத்துனேன். அதுதான் எங்கயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கு. இப்பப் பார்த்தா எல்லாம் போவுது, காரணமே தெரியல. என் புரோகிராம்லதான் கோளாறு இருக்கும், இல்லண்ணே?"

"இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த மாதம்தான் என் மூன்று வருஷ ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு மிஸ்டர் லிம் அறிக்கை எழுத வேண்டும். குடிநுழைவு அலுவலகத்தில் கோப்பு திறந்து கிடந்தது. மகள் இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். இப்படிக் காரணம் வரிசையாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இதில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. பயந்தேன் என்றும் சொல்ல முடியாது, பயந்திருந்தால் வியர்த்திருக்கும். வாயில் அந்தச் சொல் வந்தது, சொன்னேன். போனை வைத்துவிட்டு மெஷின் அறைக்குப் போய் வழக்கம்போல டேப் மாற்றினேன்.

அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 'கடிதம் வராதது எங்கள் நிலையத்தின் தவறு' என்று நான் ஒரு டெலக்ஸ் அடித்திருந்தால் போதும். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சரி, வாருங்கள் என்றிருப்பார்கள். ஹமீது செய்தது வேறு. தன் சொந்தக் கடிதத்தையே கொண்டுபோய்ச் சேர்க்காத புரோகிராமை வைத்துக்கொண்டு நான்கு பேர் முன்னால் எப்படி நிற்பது என்று நினைத்தார். 'என் வேலை இன்னும் தயாராகவில்லை, மன்னிக்கவும்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

6

ஹமீது தன் புரோகிராமை இறக்கிவிட்டுப் பழையதையே ஏற்றினார். ஒரு மாதம் வரி வரியாகப் பிழை தேடினார். இல்லாத பிழை எப்படிக் கிடைக்கும்? கிடைக்காதது அவரை இன்னும் மோசமாக்கியது. வருஷக் கடைசியில், கேட்வே வேலை எனக்குச் சரிப்படாது என்று தானே எழுதிக் கொடுத்து, வகுப்புகளுக்கு நேர அட்டவணை போடும் பிரிவுக்கு மாறிக்கொண்டார். கடைக்கு வருவது குறைந்தது. வந்தால் குடும்பம், கிரிக்கெட் என்று பேசுவார், ஹாப் பேச்சு இல்லை.

ஒரு வேடிக்கைக் கதை மட்டும் வைத்திருந்தார். கல்யாணம், பெருநாள் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்வார்: "எட்டு மாசம் பாலூத்தி வளத்த புரோகிராம்லா, கடைசில என் லெட்டரையே தின்னுடுச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல வேளையாக அவர் அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஜூனில் எனக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. அதற்கான நீல அட்டையை ஸ்டெல்லா மாதா படத்துக்கு முன்னால் ஒரு வாரம் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் குழுவுக்கு எழுதினேன். 'ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், ஒரு கேட்வே தன்னிடம் இல்லாத வழியை இருப்பதாகச் சொல்கிறது, பக்கத்து வலை அதை நம்பிவிடுகிறது' என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே ஏற்காமல் முன்பே ஒப்புக்கொண்ட பட்டியலோடு ஒத்துப்பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று இரண்டு பக்கம். ஆறு நாள், விடுமுறை, திரும்பி வந்த கடிதம், எல்லாவற்றையும் வைத்தேன். 'ஒரு பேச்சுக்கு' என்பது மட்டும்தான் பொய். மிகத் தெளிவான உதாரணம் என்று பாராட்டிப் பதில் வந்தது. அதுதான் பதினோரு பக்கக் குறிப்பாக, என் பெயரோடு, தண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்கியது. முத்திரை மாதிரியான அந்த முழுப் பட்டியல் முறையும் இந்த வருஷம் விதியாகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் தாங்களாகவே யோசித்து, தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். ஹமீது அந்த மேசையில் ஒரு நாற்காலியில் இருந்திருப்பார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

7

மகள் அனிதாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழி. தேர்வில் 'அன்னையின் அளப்பரிய அன்பு' என்று அழகாகக் கட்டுரை எழுதுவாள். வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட இங்கிலீஷில்தான். அவள் அறைக்குள் அவள் பேசுவதில் எனக்குப் பாதிதான் புரிகிறது. நான் பேசுவதில் அவளுக்கு எவ்வளவு என்று கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது, ஒரே வீட்டில் மரியாதையாக இருக்கிறோம்.

நான் அந்தக் குறிப்பின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டிருந்தேன். பரீட்சை முடிந்து சும்மா இருந்தவள் அதை எடுத்துப் படித்தாள். பதினோரு பக்கமும் படித்தாள். எனக்கு ஆச்சரியம்.

"அப்பா, இந்த எக்ஸாம்பிள், இது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"ரொம்ப டீட்டெயிலா இருக்கே. நிஜமா யாரோ இப்படிப் பண்ணாங்களா?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

"அந்த லெட்டர் அனுப்புனவரு? அவருக்கு என்ன ஆச்சு? அவருதானே கெனா."

மாட்டிக்கொண்டு அடிபடுவதற்கு இங்கே பிள்ளைகள் 'கெனா' என்பார்கள், மலாய்ச் சொல். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சாப்பிடும்போது ஸ்டெல்லா எதிரிலேயே கேட்டாள், ஒரு பாடத்தில் சந்தேகம் கேட்பது போல. "அவருகிட்ட சொல்லிட்டாங்களா, அப்பா? யாரு தப்புன்னு?"

"இல்ல" என்றேன்.

"ஒய் நாட்?"

யார் என்று அவள் கேட்கவில்லை. ஸ்டெல்லா குழம்புக் கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று படுக்கப் போகும்முன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவரு வீட்டுக்குப் போங்க, நாங்க மார்க்கெட்டுக்குப் போகல, வீட்டுல காத்திருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

8

ஹமீது இருப்பது கேலாங் ஈஸ்டில், நான்காவது மாடி. போனபோது லுங்கியோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீலா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, எவ்ளோ நாளாச்சு, இருந்து சாப்டுட்டுத்தான் போகணும்" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று நாலைந்து விதமாக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அந்தச் சீனப் புத்தாண்டுக்கு உங்க லெட்டரை உங்க புரோகிராம் தொலைக்கல. நான்தான் தொலைச்சேன்."

எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை இணைப்பு, அழிக்க மறந்த வரி, திங்கட்கிழமை எட்டு மணி, அழித்த பதிவு. ஒன்பது மணிக்குப் போனில் சொன்னதையும் விடவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"எத்தனை ஹாப் போட்டிருந்தீங்க?"

"ஒண்ணு."

"ஆய்வுக்கூடம் வழியா எங்களுக்கு மூணு."

"ஆமா."

"அப்ப அது உங்களுதைத்தானே எடுக்கணும்."

"ஆமா."

"சரியாத்தானே எடுத்திருக்கு!" என்று எழுந்துவிட்டார். முகமே மாறிவிட்டது. "ஜமீலா! ஜமீலா, இங்க வா! என் புரோகிராம் தப்பு இல்லயாம்லா! அண்ணே சொல்றாரு. அது கரெக்டா ஓடியிருக்கு! அதுமேல ஒரு தப்பும் இல்ல!" என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, போயிடாதீங்க, பிரின்ட் எடுத்ததெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, கொண்டு வரேன். மறுபடியும் ஒரு தடவ பார்த்துடலாம்." அறைக்குள் ஓடினார். பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஜமீலா அடுப்படி வாசலில் நின்றாள். கையில் மீன் திருப்பும் கரண்டி இருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்தத் திங்கக்கிழமையே."

"அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து எப்படி இருந்தாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

உள்ளேயிருந்து ஹமீது தும்மினார், சிரித்தார். ஜமீலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"இன்னைக்குச் சந்தோஷமா இருக்கட்டும். நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் அவருக்கு வெளங்கும். அதுக்கப்புறம் நீங்க இங்க வராதீங்க."

ஹமீது ஒரு கை நிறையத் தாள்களோடு வந்து தரையில் பரப்பினார். ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் இடம் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். ஜமீலா இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர் விரலை வைத்துக் காட்டக் காட்ட, நான் வாசித்துக்கொண்டே வந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்து முடிக்க நாலு மணி ஆகிவிட்டது. அதில் ஒரு பிழையும் இல்லை.